வெளிநாட்டிலிருந்து வேலைக்குழு வருகிறதா? குமரி மாவட்ட முகாம்களுக்கான கேள்வி பதில்

கடற்கரையிலிருந்து ரப்பர் தோட்டம் வரை நம் மாவட்டத்தில் சபைகளும் ஊழிய அமைப்புகளும் நடத்தும் தியான முகாம்கள் பல இருக்கின்றன. வெளிநாட்டுச் சபைகளில் நமக்குச் சொந்தக்காரரும் பழைய நண்பர்களும் உண்டு. ஆகவே என்றாவது ஒரு நாள் வாட்ஸ்அப்பில் செய்தி வரும்: "நாங்கள் பதினைந்து பேர், பத்து நாள் வருகிறோம், முகாமில் ஏதாவது வேலை செய்து கொடுக்கிறோம்." சந்தோஷம்தான். ஆனால் "வாங்க வாங்க" என்று பதில் போடுவதற்கு முன் யோசிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. முகாம் கமிட்டிக்காரர்களும் குழு அனுப்புகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறோம்.

வேலைக்குழு என்றால் என்ன? ஊழியக்குழு என்று சொல்வதும் இதுவும் ஒன்றா?

இல்லை. இங்கே பேசுவது கையால் வேலை செய்ய வருகிறவர்களைப் பற்றி. பெயின்ட் அடிப்பது, சுவர் வைப்பது, கட்டில் பழுது பார்ப்பது, தோட்டம் திருத்துவது போன்ற வேலைகள். காலையும் இரவும் தங்களுக்குள் ஜெபம், வேதபாடம் வைத்துக்கொள்வார்கள். கூட்டம் நடத்துவது, பிரசங்கம் பண்ணுவது, துண்டுப்பிரதி கொடுப்பது எல்லாம் இதில் சேராது. இந்த எல்லைக்கோட்டை முதல் கடிதத்திலேயே போட்டுவிட வேண்டும். விசாவிலிருந்து பக்கத்து வீட்டு உறவு வரை எல்லாம் இதில்தான் நிற்கிறது.

எந்த விசாவில் வர வேண்டும்?

பெரும்பாலும் சுற்றுலா விசாவில்தான் வருகிறார்கள். இந்தியச் சுற்றுலா விசாவில் அனுமதிக்கப்பட்ட காரியங்களில் குறுகிய காலத் தன்னார்வ வேலையும் ஒன்று. அதற்கு இரண்டு நிபந்தனைகள்: ஒரு மாதத்துக்கு மேல் போகக்கூடாது, பணமாகவோ வேறு விதமாகவோ எந்தப் பிரதிபலனும் வாங்கக்கூடாது. மதப் பிரசாரம் இதில் அடங்காது. அதற்கென்று மிஷனரி விசா என்று தனி வகை இருக்கிறது. விண்ணப்பிக்க வேண்டியது இந்தியத் தூதரகத்தில்.

விண்ணப்பத்தில் நோக்கம் என்ற கட்டத்தில் வெறுமனே "ஊர் சுற்றிப் பார்க்க" என்று எழுதிவிட்டு இங்கே வந்து கலவை சுமப்பது வேண்டாம். விமான நிலையத்தில் அதிகாரி கேட்கும்போது ஒருவர் "டூர்" என்பார், அடுத்தவர் "மிஷன்" என்பார், மூன்றாமவர் நம் அழைப்புக் கடிதத்தை எடுத்து நீட்டுவார். அப்புறம் பதினைந்து பேரும் ஓரமாக நிற்க வேண்டியதுதான். பொய்யான காரணம் சொல்லி வந்ததாக முடிவானால் திருப்பி அனுப்புவார்கள், மறுபடி வரவும் முடியாமல் போகலாம். எனவே அழைப்புக் கடிதத்தில் வேலை என்ன, எத்தனை நாள், கூலி கிடையாது, பிரசங்கம் கிடையாது என்று நேராக எழுதுங்கள். குழுத் தலைவர் எல்லோரிடமும் அதையே படித்துக் காட்டட்டும். விசா விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் டிக்கெட் போடுவதற்கு முன் தூதரகத்தில் ஒரு முறை எழுதிக் கேட்பதும் அவர்கள் பொறுப்பு.

இறங்குவதற்கு நமக்கு வசதி திருவனந்தபுரம். இ-விசா உள்ளவர்களும் அங்கே இறங்கலாம். நாகர்கோவிலுக்கு அங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர்தான். ஆனால் களியக்காவிளை, மார்த்தாண்டம் வழியாக வர வேண்டும் என்பதால் நேரத்தைத் தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் நம்ம ஊர்ப் பிள்ளைகள்தான், ஓ.சி.ஐ. அட்டை இருக்கிறதே?

ஓ.சி.ஐ. என்பது வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட இந்திய வம்சாவளியினருக்குத் தரும் அட்டை. அது இருந்தால் விசா வேண்டாம். ஆனால் 2021 மார்ச்சில் வந்த அறிவிப்பின்படி ஓ.சி.ஐ. அட்டைக்காரர்களும் மிஷனரிப் பணி செய்ய முன்கூட்டியே சிறப்பு அனுமதி வாங்க வேண்டும். மார்த்தாண்டத்தில் பிறந்து வளர்ந்தவர், பாட்டா கட்டிய கோயிலிலேயே ஞானஸ்நானம் எடுத்தவர் என்பதெல்லாம் அங்கே செல்லாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

ஞாயிறு ஆராதனையில் "ஒரு வார்த்தை" பேசச் சொல்லலாமா?

நம் சபைகளில் இது ரத்தத்தில் ஊறிய பழக்கம். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் முன்வரிசையில் உட்கார வைப்போம், பொன்னாடை போர்த்துவோம், மைக்கைக் கையில் கொடுப்போம். வெளிநாட்டவர் விஷயத்தில் அதைக் கொஞ்சம் அடக்கத்தான் வேண்டும். ஆராதனைக்கு வரலாம், நற்கருணை எடுக்கலாம், பிரசங்கம் கேட்கலாம், எதற்கும் தடை இல்லை. வழிபாட்டு இடத்தில் மதப் பேச்சுப் பேசுவதும், மதம் சார்ந்த பிரசுரமோ ஒலி ஒளிப் பதிவோ கொடுப்பதும்தான் கூடாது. அவர்களை அறிமுகப்படுத்தி நன்றி சொல்வதை ஆயரோ செயலாளரோ செய்துவிடட்டும். பொன்னாடையும் வேண்டாமே. அந்தக் காசுக்கு உப்புத்தாள் வாங்கினால் நாலு ஜன்னலுக்கு ஆகும்.

இன்னொன்றும் உண்டு. 1982-ல் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் நடந்த மண்டைக்காட்டுக் கலவரத்தைப் பார்த்த மாவட்டம் இது. அந்த நினைவு இரண்டு பக்கமும் இன்னும் இருக்கிறது. வேன் நிறைய வெள்ளைக்காரர்கள் தெருவுக்குள் இறங்கினால் ஊர் என்ன பேசும் என்று யோசிக்க வேண்டியது நாம்தான், வருகிறவர்களுக்கு அது தெரிய வழியில்லை. குழு வருவதற்கு முன்பே பக்கத்து வீட்டுக்காரர்களையும் வார்டு உறுப்பினரையும் பார்த்து, இன்னார் வருகிறார்கள், முகாமுக்குள் சுவர் வேலை, இத்தனாம் தேதி போய்விடுவார்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஒரு டீ குடிக்கும் நேரம்தான் ஆகும்.

போலீசில் தெரிவிக்க வேண்டுமா?

கட்டாயம். வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் எந்த இடமும், ஓட்டலோ முகாமோ வீடோ, அவர்கள் வந்த 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும். நாம் 'சி ஃபார்ம்' என்று பழகிய விஷயம்தான். 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டத்திலும் இந்தக் கடமை அப்படியே தொடர்கிறது. இதில் ஒரு சிக்கல்: பதிவு போட முதலில் முகாமின் பெயரில் கணக்கு வேண்டும், அதற்கு ஒப்புதல் வர நாளாகும். குழு வந்து இறங்கிய இரவில் தொடங்கினால் நடக்காது, ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். பாஸ்போர்ட் நகல், விசா நகல், புகைப்படம் மூன்றையும் அவர்கள் புறப்படும் முன்பே வாங்கிக் கோப்பில் வையுங்கள். ஓ.சி.ஐ. அட்டைக்காரர்களுக்கும் சேர்த்துப் போட்டுவிடுவது நல்லது. உள்ளூர்க் காவல் நிலையத்தில் பட்டியல் ஒன்று கொடுத்து வைத்தால் யாராவது போன் பண்ணிக் கிளப்பிவிட்டாலும் கவலை இல்லை.

சாமான்களைப் பற்றியும் முன்கூட்டியே சொல்லுங்கள். ட்ரோன் கொண்டுவரக் கூடாது. சாட்டிலைட் போன் கொண்டுவரவே கூடாது, மலையேறுகிறவர்கள் வைத்திருக்கும் சாட்டிலைட் செய்திக் கருவியும் அந்தக் கணக்கில் வரும். அவர்கள் ஊரில் அது கடையில் விற்கும் பொருள். இங்கே உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் கைது வரை போகும்.

அவர்கள் தரும் பணத்தை எப்படி வாங்குவது?

இதில்தான் நல்ல முகாம்களும் மாட்டிக்கொள்கின்றன. வெளிநாட்டுக் குடிமகன் தரும் நன்கொடை, டாலராக இருந்தாலும் இங்கே மாற்றிய ரூபாயாக இருந்தாலும், எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும் 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி வெளிநாட்டுப் பங்களிப்புதான். அந்தச் சட்டத்தின்கீழ் பதிவு இல்லாத அமைப்பு அதைத் தொடக்கூடாது. பதிவு இருந்தாலும் பணம் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள எஃப்.சி.ஆர்.ஏ. கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு ஓர் அமைப்பு வாங்கி இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பதும் முடியாது. "பக்கத்துச் சபைக்குப் பதிவு இருக்கிறது, அவங்க வழியா வாங்கிக்கலாம்" என்ற பழைய வழி அடைபட்டுவிட்டது.

பொருளும் இதே கணக்குதான். போகும்போது "இந்த டிரில் மெஷினை முகாமுக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்று அன்பாகத் தருவார்கள். அதுவும் பங்களிப்புதான். பதிவு இல்லாத முகாம் என்றால் "கொண்டுவந்ததை எல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டு போங்கள்" என்பதே நல்ல பதில். அறை வாடகை, சாப்பாட்டுச் செலவு வேறு. எல்லோரிடமும் வாங்குவதுபோல் முறையாகக் கட்டணம் வாங்கி ரசீது கொடுத்தால் அது நன்கொடை ஆகாது. இருந்தாலும் ஆடிட்டரிடம் முன்பே கேட்டு எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உண்டியல் பக்கம் அவர்கள் கை நீட்டும்போது தடுப்பது சங்கடமாகத்தான் இருக்கும். முன்பே தலைவரிடம் சொல்லிவிட்டால் அந்தச் சங்கடமும் இல்லை. இந்தியப் பாஸ்போர்ட் உள்ள வளைகுடாக்காரர் தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பில் வராது.

எந்த மாதம் நல்லது?

ஜனவரி, பிப்ரவரி. கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கும் மாவட்டம் நம்முடையது. ஜூனில் தொடங்கும் ஈரம் டிசம்பர் வரை விடுவதில்லை. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்ததை யாரும் மறக்கவில்லை. ஆனால் அவர்களுக்குப் பள்ளி விடுமுறை ஜூன், ஜூலையில்தான் வரும், அப்போது வரத்தான் பிரியப்படுவார்கள். அந்த நேரத்தில் வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடித்தால் ஒரே மாதத்தில் கொப்பளித்து உரிந்துவிடும். மறுக்க முடியாமல் ஜூனில் வரவழைத்தால் உள்வேலையாக ஒதுக்குங்கள்: கட்டில், பெஞ்சு, நூலக அலமாரி, சமையலறைக் கதவு. ஏப்ரல், மே வெயிலில் நம் ஆட்களே ஒதுங்குகிறார்கள்.

என்ன வேலை கொடுப்பது?

இந்தக் கேள்வியைக் கமிட்டிக் கூட்டத்தில் பேசுவதற்கு முன் கொத்தனாரிடம் கேளுங்கள். உண்மையாகத்தான் சொல்கிறோம். வருகிறவர்களில் ஒருவர் வங்கி மேலாளர், ஒருவர் நர்ஸ், நாலு பேர் கல்லூரி மாணவர்கள். அவர்கள் ஊரில் வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டமும் பலகையும். நம் செங்கல்லும் சாந்தும் பலருக்குப் புதிது. அவர்கள் இங்கே கையாட்கள். வேலை கொத்தனாருடையது. இதை ஏற்றுக்கொண்ட குழு நன்றாக வேலை செய்யும்.

சுற்றுச்சுவர் வேலையை ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்த்தால் புரியும். சட்டியில் கலவை எடுத்துக் கைமாற்றிக் கொடுக்கும் வரிசையில் பத்துப் பேர் நிற்கலாம். வெயில் ஏறும் முன் வேலை பறக்கும். அதே பத்துப் பேரிடமும் கரண்டியைக் கொடுத்தால் மூன்றாவது வரியிலேயே தூக்குகுண்டு ஒரு பக்கமும் சுவர் ஒரு பக்கமும் போகும். பக்கத்தில் நிற்கும் கொத்தனார் சிரித்துக்கொண்டே, "சட்டிய நீங்க எடுங்க மக்கா, கரண்டிய நான் பாத்துக்கிடுகேன்" என்பார். அவர்கள் இரவு தூங்கப் போன பிறகு அந்த வரிகளைப் பிரித்து மறுபடி வைப்பவரும் அவர்தான். அப்படி ஒரு ராத்திரி வேலையை அவர் தலையில் கட்டும் திட்டம் நல்ல திட்டமில்லை.

நன்றாக நடக்கும் வேலைகள் எவை? கடற்கரை முகாம் என்றால் துருதான் முதல் எதிரி. ஜன்னல் கம்பி, கேட், கட்டில் சட்டம் எல்லாவற்றையும் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, அது காய்ந்தபின் எனாமல் அடிப்பது. பொறுமை வேண்டும், திறமை அவ்வளவாக வேண்டாம், நம் ஆட்கள் அலுத்துக்கொண்டு அரைகுறையாக விடும் வேலையும் அதுவே. மலையோர முகாம் என்றால் சுவரில் பாசி. அதைச் சுரண்டி, பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, பட்டி பார்த்து, அப்புறம் பெயின்ட். காயவிடும் நாட்களை அட்டவணையில் சேர்க்காமல் விடாதீர்கள். வாய்க்கால் வெட்டுவது, வாழைக்குத் தடம் எடுப்பது, முதியவர்கள் ஏற சாய்தளம் போட மண் நிரப்புவது எல்லாம் கொடுக்கலாம்.

கொடுக்கக் கூடாதவை: கரன்ட் வேலை, ஓட்டுக்கூரை மேல் ஏறும் வேலை, உயரச் சாரம், கிணற்றுக்குள் இறங்குவது. எவ்வளவு ஆசைப்பட்டாலும் கூடாது. புதுக் கட்டடம் என்றால் வரைபட அனுமதி கைக்கு வந்திருக்க வேண்டும், வழிபாட்டுக்கான கட்டடம் என்றால் கலெக்டர் அனுமதியும் வேண்டும். அனுமதி வராத அஸ்திவாரத்தில் வெளிநாட்டவரை நிறுத்தி போட்டோ எடுத்து முகநூலில் போடுவதைவிட ஆபத்தான காரியம் இல்லை.

இலவசமாக வேலை செய்ய ஆள் வந்தால் உள்ளூர்க் கூலிக்காரருக்கு வேலை போகாதா?

போகும், நாம் அப்படித் திட்டமிட்டால். அதனால்தான் கொத்தனாருக்கும் அவருடைய வழக்கமான கையாளுக்கும் அந்தப் பத்து நாளும் முழுக் கூலி கொடுங்கள். அவர்கள் சொல்லிக்கொடுக்கவும் செய்கிறார்கள், அதற்குக் கூடுதலாகவே கொடுக்கலாம். நேர்மையாகக் கணக்குப் போட்டால், ஒருவருடைய விமான டிக்கெட் காசுக்கு இங்கே ஒரு கொத்தனார் பல வாரம் வேலை செய்வார். குழு வருவதால் செலவு குறையும் என்று நினைத்து அழைக்கிற முகாம் ஏமாந்துபோகும். வேறு காரணத்துக்காக அழைப்பவர்கள் மட்டும் அழையுங்கள்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

காலை 7 மணிக்கு வேலையில் கை வைத்தால் 11 மணிக்கு நிறுத்தலாம். மதியம் நிழல், தூக்கம். மூன்றரைக்கு மேல் ஐந்தரை வரை மறுபடி. வந்த மறுநாளே வேலைக்கு இழுக்காதீர்கள், உடம்புக்கு இன்னும் அவர்கள் ஊர் நேரம்தான்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது? தனியாக பிரெட், ஜாம் வாங்க வேண்டுமா?

காலைக்குக் கொஞ்சம் வாங்கி வையுங்கள், உடம்பு சரியில்லாத நாளுக்கு உதவும். மற்றபடி நம் சாப்பாடே போதும், மிளகாயை மட்டும் குறைத்தால் சரி. ஆப்பம், இடியாப்பம், புட்டும் பழமும் யாருக்கும் ஒத்துக்கொள்ளும். மரச்சீனிக் கிழங்கை அவித்து வைத்தால் உருளைக்கிழங்கு மாதிரி சாப்பிட்டுவிட்டு இன்னும் கேட்பார்கள். மட்டி வாழைப்பழத் தார் ஒன்று வராந்தாவில் தொங்கவிடுங்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் பழம் அது, தோல் உரித்துச் சாப்பிடுவதால் வயிற்றுக்கும் பயமில்லை. மீன் குழம்பில் தேங்காயைக் கூட்டி வற்றலைக் குறைத்து அவர்களுக்கென்று ஒரு சட்டி தனியாக வைக்கச் சொல்லுங்கள். சமையல் அக்கா முதல் நாள் அப்படித்தான் வைப்பார்கள். மூன்றாம் நாள் யாராவது ஒருவர் வேலைக்காரர்களுக்கு வைத்த சட்டியில் கரண்டி போடுவார், கண்ணில் தண்ணீர் வரும், அடுக்களையே சிரிக்கும். அது பரவாயில்லை.

பரவாயில்லை என்று விடக்கூடாதது தண்ணீர். குடிக்க, பல் தேய்க்க, கிழங்கு கழுவ எல்லாம் கொதிக்கவைத்ததோ கேனோதான். வெட்டிவைத்த பழம், ரோட்டோர ஜூஸ் ஐஸ் வேண்டாம். அக்கானி (பதநீர்) குடிக்க ஆசைப்பட்டால் காலையில் இறக்கியதைக் கொடுங்கள், வெயில் ஏறினால் புளித்துவிடும். சாப்பாட்டில் ஒவ்வாமை யாருக்கு என்ற பட்டியல் அடுக்களைச் சுவரில் தமிழில் ஒட்டியிருக்க வேண்டும். முந்திரியும் நிலக்கடலையும் நம் சமையலில் கேட்காமலே வந்துவிடும்.

குழு இருக்கும் நாட்களில் அடுக்களையில் ஆள் கூட்டுங்கள். கொத்தனாரைச் சொன்னதுபோலத்தான், அக்காமாருக்கும் கூலி கூட்ட வேண்டும். "தேவனுக்காகச் செய்யுங்க" என்று சொல்லி ஓவர்டைம் வாங்குவது நம் பக்கத்தில் சகஜம், அதை நிறுத்தலாம்.

உடம்பு சரியில்லாமல் போனால்?

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கையிருப்பில் இருக்கட்டும். வருகிறவர்கள் டெட்டனஸ் ஊசி போட்டு, மருத்துவக் காப்பீட்டோடு வர வேண்டும், காப்பீட்டு எண் நம் கையிலும் இருக்க வேண்டும். பெரிய ஆபத்துக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ரப்பர் தோட்டப் பக்கம் கொசுவலை அவசியம், இரவில் டார்ச் இல்லாமல் யாரும் வெளியே இறங்கக்கூடாது. தெருநாயைக் கொஞ்சுவது அவர்களுக்குப் பழக்கம். கடித்தால் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே ஊசி.

வேலை முடிந்து கடலில் குளிக்கலாமா?

வேண்டாம். அவர்கள் நீச்சல் தெரியும் என்பார்கள், அது நீச்சல் குளத்து நீச்சல். நம் கடலில் வானம் தெளிவாக இருக்கும்போதே எங்கோ தூரத்துப் புயலின் அலை வந்து அடிக்கும், கள்ளக்கடல் என்று மீனவர்கள் சொல்வது அதைத்தான். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்களை அலை கொண்டுபோனது அப்படி ஒரு நாளில். முட்டத்துப் பாறையில் உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்க்கட்டும், அதுவும் ஊர்க்காரர் ஒருவர் கூடப் போய். ஓய்வு நாளுக்குப் பத்மநாபபுரம் அரண்மனை, மாத்தூர் தொட்டிப்பாலம் போதும். பேச்சிப்பாறைக்கு மேலே காணிக்காரர் குடியிருப்புகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்பார்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போகக்கூடாது, அனுமதி கிடைத்தாலும் மனிதர்களை வேடிக்கை பார்க்கப் போவது என்ன நியாயம்?

பிள்ளைகளோடு விளையாடலாமா, படம் எடுக்கலாமா?

ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் தாமாகவே வந்து மொய்ப்பார்கள். பந்து விளையாடட்டும், பாட்டுப் பாடட்டும். ஆனால் எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக, கதவு மூடிய இடத்தில் இருக்கக்கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவர் நம் ஆள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தைப் பற்றிக் குழுத் தலைவரிடம் எழுத்தில் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளைகள் படம் இணையத்தில் போகக்கூடாது. அதிலும் அழுக்குச் சட்டைப் பிள்ளையைத் தேடிப்பிடித்து எடுக்கும் படம் வேண்டவே வேண்டாம். அந்தப் பிள்ளையின் அக்கா பெங்களூரில் ஐ.டி. கம்பெனியில் இருப்பாள், அடுத்த நிமிடமே பார்ப்பாள்.

பத்து நாள் வந்துபோகிறவர்களால் உண்மையில் என்ன நன்மை?

பெரும்பாலும் சுமாரான நன்மைதான். ஒரு சுவர், ஏழெட்டு ஜன்னல், சில நட்புகள். அதற்கு மேல் வாக்குக் கொடுக்காதீர்கள். ஆனால் இந்த மாவட்டத்துக்கு ஒரு கதை இருக்கிறது. 1922 எவரெஸ்ட் பயணத்தில் ஏறிய ஹோவர்ட் சாமர்வெல் என்ற ஆங்கில அறுவை மருத்துவர், அது முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கும் வழியில் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நோயாளிக் கூட்டத்தையும், அத்தனை பேருக்கும் ஒரே ஒரு அறுவை மருத்துவர் இருப்பதையும் பார்த்தார். லண்டனில் காத்திருந்த வாய்ப்புகளை விட்டுவிட்டு நெய்யூருக்கே வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தார். அவர் வந்தபோது ஆஸ்பத்திரி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, அவர் போய்ச் சேர்ந்துகொண்டார். அதற்கும் முன்னால் 1806-ல் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி மயிலாடிக்கு வந்ததும் வேதமாணிக்கம் என்ற உள்ளூர்க்காரர் கேட்டுக்கொண்டதால்தான்.

இதைச் சொல்லி வருகிற ஒவ்வொருவரையும் சாமர்வெல் ஆக்கப் பார்க்காதீர்கள். நமக்கு என்ன தேவை என்று நாம் தெரிந்து வைத்துக்கொண்டு அழைத்தால், வருகிறவர்களுக்கு எங்கே சேருவது என்று தெரியும். அவ்வளவே.

வெளிநாடு இல்லை, சென்னை அல்லது மும்பைத் தமிழ்ச் சபையிலிருந்து குழு வந்தால்?

விசா, பதிவு, எஃப்.சி.ஆர்.ஏ. தொல்லை ஒன்றும் இல்லை. பிரசங்கமும் பண்ணட்டும், பொன்னாடையும் போர்த்துங்கள். கரண்டி மட்டும் கொத்தனாரிடமே இருக்கட்டும்.

குழு போன பிறகு செய்ய வேண்டியது?

ஒரு வாரத்துக்குள் ரசீதுகளை முடித்துக் கணக்கை ஆடிட்டருக்கு அனுப்புங்கள். சுவர் வைத்திருந்தால் ஏழு நாளாவது தண்ணீர் விட்டு நனைக்க வேண்டும், அதற்கு யார் பொறுப்பு என்று அவர்கள் வேன் ஏறும் முன்பே பேசி வையுங்கள். எல்லோரும் வழியனுப்பத் திருவனந்தபுரம் போய்விட்டு, மூன்று நாள் நனையாத சுவரில் வெடிப்பு விழுவதைப் பார்த்திருக்கிறோம். அடுத்த வருடம் வரக் கேட்டால் உடனே சரி சொல்லாதீர்கள். இரண்டு மழையும் முடியட்டும். ஜனவரியில் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுவரையும் பெயின்ட்டையும் பார்த்துவிட்டு, மிச்ச வேலை என்னவென்று அவர் சொல்வதை எழுதி அனுப்புங்கள்.